குஞ்சுக்கு முன் தீனி

1950களில் ஜப்பானின் விலாங்கு மீன் குளங்களில் அடிக்கடி ஒரு தொல்லை. பச்சைப் பசேலென்றிருந்த தண்ணீர் திடீரென்று நிறம் மாறும். நுண்பாசி காணாமல் போய், ஆக்சிஜன் குறைந்து, விலாங்குகள் திணறும். பாசியை மேய்ந்து தீர்த்தது ஒரு பொடி உயிரி: ரோட்டிஃபர். இதைத் தொலைத்தால் போதும் என்று பண்ணைக்காரர்கள் இருக்க, தகாஷி இட்டோ என்ற ஆய்வாளருக்கு வேறு யோசனை. இத்தனை வேகத்தில் பெருகுவதை நாமே கடல்நீரில் வளர்த்து மீன் குஞ்சுகளுக்குப் போட்டால் என்ன? வளர்க்கும் முறையை 1960இல் வெளியிட்டார். இன்று கடல்மீன் பொரிப்பகங்களில் பெரும்பாலானவை அந்த உயிரியை நம்பித்தான் நடக்கின்றன.

வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மீனிலிருந்து தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது ரோட்டிஃபரிலிருந்து. முட்டை இடுவதையும் அதைக் காப்பதையும் மீன்களே பார்த்துக்கொள்ளும். பொரிந்த மறுநாள் காலையில் குஞ்சுக்கு என்ன போடுவது என்பது மட்டும் நம் தலையில் விழும். அதற்கான பதில் இரண்டு வாரத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றது ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் வந்த ஆரஞ்சு உடலும் மூன்று வெள்ளைப் பட்டையும் கொண்ட ஆசெல்லாரிஸ். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் நாளடைவில் ஜோடியாகிவிடும். காரணம் பின்னால் வருகிறது. கடலில் இவை குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாமலும் முட்டையிடும்; சொல்லப்போனால் மீனைவிட அந்தச் சாமந்தியை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. கவிழ்த்துச் சாய்த்த ஒரு மண் பூந்தொட்டியோ, சுவரில் சாய்த்த ஒரு டைல்ஸ் துண்டோ போதும்.

ஒரு நாள் ஆண் மீன் அந்த ஓட்டின் பரப்பை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பெண்ணின் வயிறு புடைத்திருக்கும். பெண் ஓட்டோடு ஒட்டி ஊர்ந்து வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிக்கொண்டே போக, ஆண் பின்னாலேயே வந்து கருவுறச் செய்யும். சில நூறு முட்டைகள் தேறும். அதன்பின் வேலை முழுக்க ஆணுடையது. மார்புத் துடுப்பால் ஓயாமல் விசிறி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் காட்டும். வாயால் தடவித் தூசு நீக்கும். செத்து வெளுத்த முட்டையைத் தின்றுவிடும், பூஞ்சை பக்கத்து முட்டைக்குப் பரவாமல் இருக்க. முதல் தடவை இடும் ஜோடிகள் நல்ல முட்டையையும் சேர்த்துத் தின்பது உண்டு. பதறவேண்டாம். பழகிய ஜோடி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடும்.

தண்ணீர் 26 முதல் 28 டிகிரி வரை இருந்தால் ஒரு வாரம், மிஞ்சினால் ஒன்பது பத்து நாளில் பொரிந்துவிடும். ஆரஞ்சு நிறம் மெல்ல மங்கிக் கறுக்கும். பிறகு ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கண்கள் தெரியும். கடைசி நாளில் அந்தக் கண்கள் வெள்ளிபோல மின்னும். அன்று ராத்திரியே பொரியும் என்று அர்த்தம்.

களவா போன்ற பல கடல்மீன்களின் குஞ்சு பிறக்கும்போது கண் முழுதாக இருக்காது, வாயும் திறந்திருக்காது. அவை நுணுக்கமான முட்டைகளை லட்சக்கணக்கில் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற ரகம். கோமாளி மீன் குறைவாக இட்டாலும் முட்டை பெரிது; உள்ளே மஞ்சள் கரு ஒரு வாரத்துக்குத் தாங்கும். அதனால் குஞ்சு கண், வாய், குடல் எல்லாம் ஆகித்தான் வெளியே வருகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ 1970களின் தொடக்கத்திலேயே இதை வணிக அளவில் வளர்த்துக் காட்ட முடிந்ததற்கு அந்தப் பெரிய முட்டைதான் முக்கியக் காரணம்.

பொரிவதற்கு இருட்டு வேண்டும். ஏதோ வழக்கமாகச் சொல்லும் பக்குவமில்லை இது. ஆய்வாளர் எமிலி ஃபோபர்ட்டின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரவிலும் மங்கலான எல்.இ.டி. வெளிச்சத்தில் வைத்த ஆசெல்லாரிஸ் முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. இருட்டில் வைத்தவை வழக்கம்போலப் பொரிந்தன. கடலில் இதற்கு நியாயம் உண்டு: பகலில் வெளிவந்தால் பவளத்திட்டின் மீன்கள் குஞ்சுகளை ஒரே வாயில் அள்ளிவிடும். நம் ஹாலில் எரியும் நைட் லேம்ப் முட்டைக்கு முடியாத பகல். வெள்ளிக் கண் தெரிந்த அன்று அதை அணைத்துவிட்டு, தொட்டியைத் துணியால் மூடுவதே நல்லது.

அணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடித் துகளுக்கு இரண்டு கண் வைத்ததுபோல மூன்று நான்கு மில்லிமீட்டரில் குஞ்சுகள் ஒளியை நோக்கித் துடித்துக்கொண்டு வரும். அப்படி ஒரு மூலையில் சேர்ந்ததும் கிண்ணத்தைச் சாய்த்துத் தண்ணீரோடு மொள்ள வேண்டும். வலை கூடவே கூடாது. காற்றில் ஒரு நொடி தூக்கினாலும் பிழைக்காது. இன்னொரு வழி, பொரியும் நாள் மாலையிலேயே ஓட்டோடு முட்டையைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் ஏர் ஸ்டோன் வைத்து அப்பனின் விசிறலுக்கு ஈடு செய்வது.

இனி ரோட்டிஃபர். அரிசிக் குருணையில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா என்பது சந்தேகம். மில்லிமீட்டரில் ஏறக்குறைய கால் பங்கு. கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தூசுபோல அலையும். தூசு மிதக்கும், இவை நீந்தும். லென்ஸில் பார்த்தால் தலையில் மயிரிழை வளையம் சுழல்வதும், பெண்ணின் பின்புறம் முட்டை தொங்குவதும் தெரியும். ஆண் இல்லாமலே பெண்கள் பெண்களைப் பெறும். நல்ல தீனி இருந்தால் ஓரிரு நாளில் எண்ணிக்கை இரட்டிப்பாகும். 20 லிட்டர் தண்ணீர் கேன், ஏர் பம்ப், நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசிக் குழம்பு, இவ்வளவே முதலீடு. தண்ணீர் பச்சையாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, வெளுத்தால் பசி. ஒரே கேனை நம்பாதீர்கள். வாடை அடிக்கத் தொடங்கிய கேன் ஒரே ராத்திரியில் மொத்தமாகச் சாகும். அதனால் இரண்டாவது கேன், கொஞ்சம் தள்ளி.

குஞ்சுத் தொட்டியில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் பத்து ரோட்டிஃபராவது இருக்க வேண்டும். 20 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் இரண்டு லட்சம்! குஞ்சு துரத்திப் போய்த் தேடாது. மூக்குக்கு முன்னால் வந்ததைத்தான் கவ்வும். தொட்டியின் பக்கங்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, தண்ணீரைப் பாசியால் லேசாகப் பச்சையாக்கி வைப்பார்கள். அந்தப் பச்சை ரோட்டிஃபருக்குச் சோறு, வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும், வெறும் கண்ணாடியில் குஞ்சு முட்டி முட்டிச் சாவதும் குறையும். கழிவில் ஏறும் அம்மோனியாவுக்குத் தினமும் மெல்லிய டியூபால் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புதியது விட வேண்டும்.

ஆறேழு நாளில் ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் இந்த இறால் போன்ற உயிரியின் காய்ந்த முட்டைகள் டப்பாவில் கிடைக்கும். உப்பு நீரில் போட்டு 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். முட்டை ஓடுகளை மட்டும் வடிகட்டிவிடுங்கள், குஞ்சுக்குச் செரிக்காது.

எட்டு முதல் பதினைந்து நாளுக்குள் உருமாற்றம். நிறமில்லாத குஞ்சு ஆரஞ்சாகும். முதலில் தலைப்பட்டை, பிறகு நடுப்பட்டை, கடைசியில் வால்பட்டை. இதை முடுக்குவது தைராய்டு ஹார்மோன் என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. பப்புவா நியூகினியின் கிம்பே விரிகுடாவில் இதன் நெருங்கிய உறவான பெர்குலா மீன்கள், ஒரு வகைச் சாமந்தியில் வேகமாகவும் இன்னொன்றில் தாமதமாகவும் பட்டை பெறுவதை அதே ஆய்வில் கண்டார்கள். வளர்ப்புத் தொட்டிகளில் பட்டை அரைகுறையாக நிற்கும் குஞ்சுகள் வருவதுண்டு. அவற்றையும் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகங்களையும் ‘டிசைனர்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எனக்கு மூன்று முழுப் பட்டையே அழகு.

மன்னார் வளைகுடாவிலும் கோமாளி மீன் உண்டு, ‘செபே’ என்ற இனம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிக்க வைத்திருக்கின்றன. வீட்டில் செய்கிறவர்களுக்குச் சென்னை வெயிலும் மின்வெட்டும் பாசியைவிடப் பெரிய பரீட்சை. பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் இறங்காதீர்கள்.

மாதம் ஒன்றானால் சண்டை. பெரியது சின்னதின் துடுப்பைக் கடிக்கும். அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும். கடலிலும் இவற்றுக்கு வரிசை உண்டு: சாமந்தியில் பெரியது பெண், அடுத்தது அதன் ஜோடி ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல் காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், திரும்ப மாறாது. நீமோவின் தாய் செத்த பிறகு அப்பா கடல் கடந்து தேடுகிறார். நிஜத்தில் அவர் அந்நேரம் அம்மா ஆகியிருப்பார். மூன்று நான்கு மாதக் குஞ்சு வாங்க வருகிறவர் ஆணும் பெண்ணுமாகக் கேட்டால் கொடுக்க வழியில்லை, இன்னும் எதுவும் முடிவாகவில்லை. பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் பிடித்துக் கொடுத்தால் மிச்சத்தை அவை தீர்த்துக்கொள்ளும்.