கடலோர மிதிவண்டிக்குக் கரியிழைக் கவை

மிதிவண்டியின் உறுப்புகளுள் முறிந்தால் ஓட்டுபவரை எச்சரிக்காமலே வீழ்த்தக்கூடியது எது என்று வினவினால், முன்கவை என்றே விடை கூற வேண்டும். சங்கிலி அறுந்தால் வண்டி நின்றுவிடும். டயரில் காற்று இறங்கினால் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் கவை முறிந்தாலோ, ஓட்டுபவர் முகங்குப்புற வீழ்வார். கடைக்காரர்கள் இவ்வுறுப்பைப் 'போர்க்' என்பர். கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்று நம் முன்னோர் வழங்கிய சொல் இதற்கு நன்கு பொருந்துதலின், ஈண்டு நாம் அச்சொல்லையே ஆளுவோம்.

தெற்கு அந்தமானின் தென்மேற்குக் கரையில் உள்ளது வண்டூர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. 1983-இல் அமைக்கப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் இவ்வூர்தான். ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. சாலை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலையின் உவர்நீர் தாழ்நிலங்களுட் புகுந்தது. காற்றிலோ எந்நாளும் உப்பு. இத்தகைய இடத்தில் மலைப்பாதை மிதிவண்டி வைத்திருப்போர்க்கு எத்தகைய கவை ஏற்றது என்பதே நம் வினா.

மிதிவண்டி இத்தீவுகளுக்குப் புதிதன்று. ஆழிப்பேரலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்பிழைத்த கார் நிக்கோபார்ச் சிறுமி தெபோரா ஹெரால்டு பின்னாளில் நாடறிந்த மிதிவண்டி வீராங்கனையானார். அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த எசோ ஆல்பென், 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர்களைப் பார்த்து வண்டி வாங்கும் இளைஞர் பலர். அவர்கள் வாங்கும் வண்டிகளில் பெரும்பாலும் சுருள்வில் பொருந்திய அதிர்வுதாங்கிக் கவையே இருக்கும்.

விலை குறைந்த வண்டிகளில் வரும் அதிர்வுதாங்கிக் கவை இரண்டு, இரண்டரை கிலோ எடையுள்ளது. அதன் உட்குழாய்கள் முலாம் பூசிய எஃகு. உவர்க்காற்றில் அம்முலாம் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். ரப்பர் வளையம் இறுகும். மழைநீர் உட்புகுந்து மசகைக் கழுவும். சில மழைக்காலங்கள் கழிந்தபின் அது அசையாத கவையாகவே ஆகிவிடும். எடை மட்டும் குறையாது. ஆதலின் தொடக்கத்திலேயே அசையாத கவையைப் பொருத்திக்கொள்வது அறிவுடைமை. கரியிழையால் ஆகிய அத்தகைய கவை 700 கிராம் முதல் ஒரு கிலோ வரையே நிறுக்கும். அதிர்வைத் தாங்கும் பணியை அகன்ற டயருக்கு விட்டுவிடலாம். காற்றைச் சற்றே குறைத்து ஓட்டினால், அகன்ற டயர் சிறு கற்களின் அதிர்வை நன்கு விழுங்கிவிடும். பெரும் பாறைகளில் பாய்ந்திறங்குவோர்க்கு மட்டுமே அதிர்வுதாங்கி இன்றியமையாதது.

கரியிழை என்பது யாது? மயிரினும் மெல்லிய கரி நூல்களைப் பல திசைகளில் அடுக்கிப் பிசினால் இறுக்கிய பொருள். துருப்பிடிப்பதில்லை என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் எஃகு வளைந்து எச்சரித்துப் பின்னரே முறியும். கரியிழையோ, உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே ஒன்றும் காட்டாமல் இருந்து, ஒருநாள் திடீரென முறியக்கூடும்.

இங்கே கடலோர மக்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விலையைக் குறைக்கும் பொருட்டுச் சில கவைகளில் கால்களை மட்டும் கரியிழையாலும், மேலே செல்லும் ஸ்டியரர் குழாயையும் அச்சு பொருந்தும் நுனிகளையும் அலுமினியத்தாலும் செய்து ஒட்டியிருப்பர். கரி மின்சாரத்தைக் கடத்தும். கரியும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட, இடையே உவர்நீர் புகுமாயின், அங்கு ஒரு மின்கலமே உண்டாகிறது; அதில் அலுமினியம் கரைந்து வெண்பொடியாகிறது. நல்ல நிறுவனத்தார் இடையில் கண்ணாடியிழைப் படலம் வைத்து இதனைத் தடுப்பர். பெயரறியாத பொருளில் அப்படலம் உண்டா என்பதை வெளியிலிருந்து காண இயலாது. ஆகவே, மலிவான வகையே வண்டூரில் விரைவில் கெடக்கூடிய வகையாகவும் அமைந்துவிடுகிறது. இயன்றால் குழாயும் காலும் ஒருங்கே கரியிழையாலான கவையையே தேர்க.

அடுத்தது அளவு. அச்சின் நடுவிலிருந்து, கப்பு-கோனின் கீழ்க்கோன் அமரும் இடம் வரையுள்ள நீளமே முதன்மையானது. பழைய கவையின் இந்நீளத்தை அளந்து, அது அமுங்கும் தொலைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். ஆள் அமர்ந்ததும் அக்கவை அவ்வளவு தாழும் அன்றோ! சான்றாக, 29 அங்குலச் சக்கர வண்டியில் கவை 505 மில்லிமீட்டர் நீளமும், அமுங்கும் தொலைவு 100 மில்லிமீட்டரும் ஆயின், புதிய கவை 480 அளவில் இருத்தல் நன்று. இருபது மில்லிமீட்டர் குறைந்தால் தலைக்குழாயின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும்; வண்டி துடிப்பாகத் திரும்பும்; மிதிகட்டை தரையில் இடிக்கும்.

பின்னர்ப் பார்க்க வேண்டியவை மூன்று. ஸ்டியரர் குழாய் மேலும் கீழும் ஒரே பருமனாக 28.6 மில்லிமீட்டர் உள்ளதா, கீழே ஒன்றரை அங்குலமாக விரிவதா என்பது ஒன்று. அச்சு 9 மில்லிமீட்டர்ப் பழைய வகையா, 15 மில்லிமீட்டர்த் துளையச்சா, துளையச்சாயின் அகலம் 100-ஆ 110-ஆ என்பது இரண்டாவது. டிஸ்க் பிரேக் பொருந்தும் முறையும், எவ்வளவு பெரிய வட்டுக்கு இடமுண்டு என்பதும் மூன்றாவது. இவற்றுள் ஒன்றைக் கவனியாது விட்டதன் பயனை நாமே நுகர்ந்தோம். அகலம் 110 என்பதைப் படியாமல் தருவித்த கவை, நம் 100 மில்லிமீட்டர்ச் சக்கரத்தின் இருமருங்கும் இடைவெளி காட்டி நின்றது. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையில் பெரும்பங்கை விழுங்குமென அறிந்து, அதனை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தோம். சென்னையிலிருந்து கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் கடல் கடந்து வரும் ஊரில், ஒருமுறைக்கு இருமுறை அளத்தலே பெருஞ்சிக்கனம்.

விலையைப் பற்றி ஒரு சொல். பெயர்பெற்ற கவையின் படத்தையும் எழுத்தையும் அப்படியே ஒட்டிய போலிகள் நம்ப முடியாத விலையில் விற்கப்படுகின்றன. அவற்றை நெருங்கற்க. கவைகளைச் சோதிக்கும் முறைகளை ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்துள்ளது. அச்சோதனையில் தேறியதா, தாங்கும் எடை எவ்வளவு, உத்தரவாதம் யார் தருகிறார் என்ற மூன்று வினாவுக்கும் எழுத்தில் விடை தருபவரிடமே வாங்குக. அத்தகைய கரியிழைக் கவைக்குப் பணம் போதவில்லையாயின், குரோமோலி எஃகுக் கவை வாங்குவதில் இழிவொன்றுமில்லை. அரை கிலோ எடை கூடும், ஆண்டுதோறும் வண்ணம் தீட்டி, குழாயின் உட்புறத்தில் எண்ணெய் தடவ வேண்டும், அவ்வளவே. அறியாத கரியிழையினும் அறிந்த எஃகு மேல்.

பொருத்தும்போது கரியிழைக் குழாயினுள் நட்சத்திர நட்டை அடித்து இறக்கலாகாது. விரியும் செருகியையே இடுக. ஹேண்டில் பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் திருகுகளைக் கைவலிமைக்கு முறுக்காமல், பொருளின்மீது குறித்த அளவுக்கு முறுக்குமானியால் முறுக்குக; பெரும்பாலும் அது 5 நியூட்டன் மீட்டரைத் தாண்டாது. குழாயை அறுக்க நேரின் நீர் தெளித்து, முகமூடி அணிந்து அறுக்க வேண்டும்; அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு.

கடற்கரைக்குச் சென்று திரும்பிய ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவித் துடைத்து வைத்தலும், திங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி விளக்கொளியில் நோக்குதலும் வழக்கமாக வேண்டும். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டினால் நல்ல கரியிழை ஒரே சீராகக் கணீரென ஒலிக்கும்; ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் ஐயுறுக. தட்டிப் பார்ப்பதனால் எல்லாக் குற்றமும் வெளிப்படும் என்று நம்புதலும் தவறு. பலமாக மோதிய கவையை, கீறல் காணாவிடினும், வல்லுநர் பாராமல் மீண்டும் ஓட்டலாகாது. பெரிய மருத்துவமனை நகரத்தில்தான் இருக்கிறது. இறக்கமான சாலையோ வாயிற்படியிலேயே தொடங்குகிறது. இதனை மறவாதவர் கவை வாங்குவதில் பெரும்பிழை செய்யார்.