காத்திருக்கும் மாதம்

டிசம்பர் பிறந்தாலே நமக்குக் காலில் சக்கரம் கட்டியது போல் ஆகிவிடுகிறது. கேக், புதுத்துணி, கேரல் பவனி, ஊருக்குப் போக டிக்கெட் என்று ஓடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளையும் திருச்சபை காத்திருப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது.

எங்கள் பூர்வீகம் சித்தூர். பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே, பல மிஷன்கள் சேர்ந்து 1915-இல் திறந்த காசநோய் மருத்துவமனைக்கு ஆரோக்கியவரம் என்று பெயர். டென்மார்க்கு நாட்டு டாக்டர் பிரிமோட்-மோலர் அதை நடத்தினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். அதற்கு முன் நல்ல காற்று, சத்தான உணவு, ஓய்வு இவையே முக்கிய மருந்து.

1938-இல் என் தாத்தா அங்கே எட்டு மாதம் படுத்திருந்தார். கிறிஸ்துமஸும் கட்டிலில்தான் கழிந்தது. வீட்டிலிருந்த பாட்டியால் ஜெபித்துவிட்டுக் காத்திருக்கத்தான் முடிந்தது. அங்கே போன எல்லாரும் திரும்பவில்லை, தாத்தா திரும்பினார். என் தந்தை அதன் பிறகு பிறந்தவர். "நம்மால் ஆனதைச் செய், மீதியை ஆண்டவரிடம் விட்டுவிட்டுத் தூங்கு" என்பார் தாத்தா.

பக்கத்துத் திருப்பதியிலும் இது காத்திருக்கும் மாதம்தான். மார்கழி பிறந்ததும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கும். மணிக்கணக்கில் வரிசையில் நின்று வந்த அண்டை வீட்டார், நேரம் வீணாயிற்று என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அன்பர்களே, இந்த டிசம்பரில் ஒரு மாலையையாவது வேலையின்றி விடுங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து, ஊரிலுள்ள பெரியவர்களுடன் தொலைபேசியில் நிதானமாகப் பேசுங்கள். கேக் கொஞ்சம் கருகினாலும் பாலன் பிறப்பார்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நல்வாழ்த்துகள்.