க்யூட் டெபியனுக்குள் வந்தது எப்படி?

கேடிஇ டெஸ்க்டாப்பில் பொத்தான், மெனு, ஜன்னல் எல்லாவற்றையும் திரையில் வரைவது க்யூட் என்ற நிரல் நூலகம். நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் அதன் மூலநிரலைக் காட்டியது. திருத்திப் பகிர மட்டும் விடவில்லை. யாரும் திருத்திப் பகிரலாம் என்னும் கேடிஇயின் ஜிபிஎல் உரிமத்துக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் 1998-இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு கேடிஇயை வெளியே நிறுத்தியது. வீண் பிடிவாதம் என்றார்கள் சிலர். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. 2000 செப்டம்பரில் க்யூட்டும் ஜிபிஎல்லுக்கு வந்தது, கதவு திறந்தது.

உரிமம் சரியானாலும், க்யூட்டை டெபியனில் நிறுவும் பொதிகளாகக் கட்டுவது தனி வேலை. செயலி ஓடத் தேவையான நூலகக் கோப்பு ஒரு பொதியில் போகும், நிரல் எழுதுபவருக்கான தலைப்புக் கோப்புகள் வேறொன்றில். நூலகப் பொதியின் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கும். பழைய செயலிக்கு க்யூட் 5, புதியதற்கு க்யூட் 6 என இரண்டும் ஒரே கணினியில் மோதாமல் இருப்பது அதனால்தான்.