வீடு பணியிடமாகும்போது...

 



சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்த பின்னர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. 2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது சென்னையிலிருந்து ஊர் திரும்பியவர். அன்று முதல் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே பணியாற்றி வருகிறார். "ஹஜ்ரத், காலையில் கணினியைத் திறக்கிறேன். இரவு பன்னிரண்டு மணிக்கும் அது திறந்தே கிடக்கிறது. இடையில் என்ன செய்தாய் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. வேலையில் மனம் ஒட்டவில்லை. சுபுஹு ஜமாஅத் தவறுகிறது. வீட்டிலும் ஓயாத பிணக்கு. கண்ணேறு பட்டிருக்கும் என்கிறார்கள் உம்மா. ஓதி ஊதி விடுங்கள்" என்றார்.

ஓதினேன், துஆவும் செய்தேன். கண்ணேறு உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவரிடம் ஒன்று கேட்டேன்: "தம்பி, தினமும் எத்தனை மணிக்கு வேலைக்கு அமர்கிறீர்கள்? எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?" அவரிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை அவருடைய உம்மாவிடம் கேட்டிருந்தால் உடனே பதில் வந்திருக்கும். ஏனெனில் முப்பது ஆண்டுகள் வீட்டிலிருந்தே பீடி சுற்றி, அந்தக் கூலியில் மகனைப் பட்டதாரியாக்கியவர் அவர். (புகையிலையின் தீங்கு பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். இங்கே நாம் பார்ப்பது அந்தத் தாயின் உழைப்பை மட்டுமே.) வீட்டிலிருந்து பணி செய்வது கணினியோடு வந்த புதுமை என்று நாம் எண்ணுகிறோம். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றும் பெண்களும், பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்களும் தலைமுறைகளாக இதைத்தான் செய்து வருகிறார்கள். ஆனால் அவர்களை "வீட்டில் சும்மா இருக்கிறார்கள்" என்று சொல்லியே நமக்குப் பழகிவிட்டது.

அந்தத் தாயின் ஒரு நாளைச் சற்றுக் கவனியுங்கள். மறுநாளைக்குரிய இலையை முந்தைய இரவே நனைத்து வைத்துவிடுவார். நனையாத இலை வெட்டும்போதே நொறுங்கும். காலையில் இலையை அளவு பார்த்து வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு அமர்ந்தால் கை தானாக ஓடும். பல வேளைகளில் அண்டை வீட்டுப் பெண்கள் ஒரே திண்ணையில் சேர்ந்து அமர்வார்கள். ஒருவர் வேகம் மற்றவரை இழுத்துச் செல்லும். இருபத்தைந்து எண்ணிக்கை ஒரு கட்டு. கடை அடைக்கும் முன் கொண்டு போய்க் கொடுத்தாக வேண்டும். சரியாகச் சுற்றாதவற்றைக் கடைக்காரர் அங்கேயே கழித்துப் போடுவார். கடையிலிருந்து திரும்பி வந்த பின் சுளகைச் சுவரில் சாய்த்து வைத்தால், அன்றைய வேலை முடிந்தது.

மகனிடம் இவற்றில் எதுவும் இல்லை. முந்தைய இரவு நனைத்து வைக்கும் இலை இல்லை. எண்ணிப் பார்க்கக் கட்டு இல்லை. அடைக்கும் கடை இல்லை. உடன் அமர்ந்து சுற்றும் அண்டை வீட்டாரும் இல்லை. அவருடைய சோர்வுக்குப் பெரும்பகுதி காரணம் சோம்பல் அன்று என்பதே என் கருத்து. தொடக்கமும் முடிவும் அளவும் இல்லாத வேலையில் எவருடைய மனமும் நெடுநாள் தங்காது. "ஊக்கம் வரட்டும், பிறகு தொடங்கலாம்" என்று அவர் காத்திருந்தார். அவருடைய உம்மா ஒரு நாளும் ஊக்கத்திற்காகக் காத்திருந்ததில்லை. இலை நனைந்திருந்தது, அமர்ந்தார்.

இங்கே ஃபிக்ஹுச் சட்டம் கூறும் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது பயனளிக்கும். கூலிக்கு அமர்த்தப்படுவோரை நம் இமாம்கள் இரு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒருவர் 'அஜீர் முஷ்தரக்': தையற்காரரைப் போல வேலைக்குக் கூலி பெறுபவர், வேலையை முடித்துக் கொடுத்தால்தான் அவருக்குக் கூலி, எந்த நேரத்தில் செய்தார் என்ற கேள்வி இல்லை. மற்றவர் 'அஜீர் காஸ்': தம் நேரத்தை ஒருவருக்கென ஒப்படைத்தவர்; அந்த நேரத்திற்கே அவருக்கு ஊதியம், அந்நேரத்தில் பிறருக்கு வேலை செய்ய அவருக்கு உரிமையில்லை. பீடி சுற்றும் தாய் ஆயிரத்திற்கு இவ்வளவு என்று கூலி பெறுவதால் முதல் வகையை ஒத்தவர். மாதச் சம்பளம் வாங்கும் மகன் இரண்டாம் வகை. ஆகவே மேலாளர் பார்க்காத வீட்டு அறையில் அவர் அமர்ந்திருக்கும் எட்டு மணி நேரமும் அமானிதமாகும். கணினித் திரையில் 'பணியில் உள்ளார்' என்ற பச்சைப் புள்ளி எரியவிட்டு, மாமாவின் நிலப் பத்திரத்திற்காகப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நிற்பது எந்த வகையில் சேரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கடமையான தொழுகைக்குரிய நேரம் அந்த ஒப்பந்த நேரத்திலிருந்து விலக்குப் பெற்றது என்பதையும் அதே ஃபிக்ஹு நூல்கள்தாம் கூறுகின்றன. லுஹருக்கும் அஸருக்கும் எழுந்து செல்வது முதலாளியின் நேரத்தைத் திருடுவதாகாது. ஆனால் அவருடைய அனுமதியின்றி நீண்ட நஃபில்களில் ஈடுபடுவதை அறிஞர்கள் ஏற்கவில்லை. நஃபிலுக்கே இந்த நிலை என்றால், தொழுகை முடிந்து பள்ளியின் ஹவுளு ஓரத்தில் அமர்ந்து அரை மணி நேரம் தேர்தல் பேசுவதற்கு என்ன ஃபத்வா என்று சிலர் என்னிடம் இதுவரை கேட்கவில்லை.

வீட்டிலிருந்து பணி செய்வது பயன் தருமா என்பதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனம், 2010ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் இச்சோதனையை நடத்தியது. தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் கூறும் பணியாளர்களில் விருப்பம் தெரிவித்தோருள், இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தும், ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் முன்போல் அலுவலகத்திலும் பணியாற்றினர். ஆய்வை நடத்திய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினர், வீட்டிலிருந்தோரின் பணி 13 விழுக்காடு கூடியதாகக் கண்டனர். இடைவேளைகளும் விடுப்பும் குறைந்ததே அதற்குப் பெரும்பாலும் காரணம். அமைதியான சூழலும் சிறிது உதவியது.

இத்தோடு நிறுத்திவிட்டு "ஆகவே வீடே சிறந்தது" என்று சொல்வோர் உண்டு. சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்று நிறுவனம் கூறியபோது, வீட்டிலிருந்து பணி செய்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்பினர். தனிமை அவர்களை வாட்டியிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வீட்டில் தனி அறை உள்ளவர்களுக்கு மட்டுமே இதில் சேர அனுமதி இருந்தது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கிறது? ஒரே கூடத்தில் ஒரு மூலையில் கணினி, மறு மூலையில் தொலைக்காட்சி, நடுவே பிள்ளைகள், வாசலில் மீன்காரர்.

அறை இல்லாத இடத்தில் ஒழுங்கு அறையாக நிற்க வேண்டும். இதை மார்க்கம் நமக்கு முன்பே கற்றுத் தந்திருக்கிறது. அந்நூர் அத்தியாயம் பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதைக் கட்டாயமாக்கியதோடு நிற்கவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் சிறுவர்களும் அனுமதி பெற்றே பெரியவர்களிடம் வர வேண்டும் என்று கற்பிக்கிறது. ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் தமக்குரிய நேரம் உண்டு என்பதே இதன் அடிப்படை. "வாப்பா பத்திலிருந்து ஒரு மணி வரை வேலையில் இருப்பார்கள், கதவைத் தட்டிவிட்டு வா" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது இந்த ஒழுக்கத்தின் நீட்சிதான்.

உமர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கு அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) வந்த நிகழ்ச்சி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அனுமதி கேட்டார்கள், பதில் வரவில்லை. கலீஃபா ஏதோ அலுவலில் இருந்தார்கள். அபூமூஸா திரும்பிச் சென்றுவிட்டார்கள். அலுவல் முடிந்ததும் உமர் (ரலி) அவர்களை அழைத்து விசாரித்தபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை என்றார்கள். சாட்சி கேட்டார்கள் கலீஃபா. அன்ஸாரிகள் தங்களில் இளையவரான அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்களை அனுப்பிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். கடைவீதி வணிகத்தில் ஈடுபட்டிருந்ததால் இந்தச் செய்தி தமக்குத் தெரியாமல் போனதே என்று உமர் (ரலி) வருந்தினார்கள். இதில் என்னைக் கவர்வது அபூமூஸா அவர்களின் நடத்தை. வீட்டில்தானே இருக்கிறார் என்று அவர்கள் சத்தமிடவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. இன்றோ, வீட்டிலிருந்து பணி செய்யும் மருமகனை ரேஷன் கடைக்கு அனுப்புவதும், அவர் மறுத்தால் "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்" என்பதும் நம் வீடுகளில் அன்றாடம் நடக்கின்றன.

மருமகனுக்காவது மறுக்கும் வாய்ப்பு இருக்கிறது. மருமகளுக்கு? கணினியில் பணியாற்றும் பெண்கள் இன்று நம் மஹல்லாக்களில் பலர். அவர்கள் வீட்டிலிருப்பதால் சமையல், பிள்ளை, முதியோர், வந்த விருந்தாளி அனைத்தும் அவர்கள் தலையில் விழுகின்றன. மாதக் கடைசியில் அவர்களின் சம்பளத்தை மட்டும் அனைவரும் வேலை என்று ஒப்புக்கொள்கிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அந்த வீட்டிலேயே அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் உழைத்து, அந்த வருவாயைத் தர்மம் செய்து வந்தார்கள். மனைவி கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்வது ஆண்மைக்கு இழுக்கு என்று எண்ணும் சகோதரர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.

பொழுதை எப்படிப் பகுப்பது? ஐந்து வக்துகள் நம் கையில் இருக்கும்போது வேறு கடிகாரத்தைத் தேட வேண்டியதில்லை. அதிகாலையில் தம் சமுதாயத்திற்கு பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதி (ரலி) ஒரு வணிகர். சரக்கை அதிகாலையிலேயே அனுப்பி வைப்பார், செல்வந்தரானார். கடினமான வேலையை சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம் செய்து பாருங்கள்; கைபேசி அப்போது ஒலிக்காது. லுஹருக்குப் பின் சிறு கண்ணயர்வு சுன்னத்தும் ஆகும். மேலைநாட்டு நேரத்திற்கேற்ப இரவில் பணி செய்வோருக்கு அது மேலும் தேவை. பள்ளிக்கு நடந்து போய்வருவது இன்னொரு பயன். அலுவலகம் சென்றவருக்கு வழிநடை இருந்தது. மனம் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் அந்த வழியில்தான் மாறியது. வீட்டிலிருப்பவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார், அவ்வளவுதான். ஜமாஅத்துக்கு நடக்கும் பத்து நிமிடம் அந்த இழப்பை ஈடு செய்யும். நான்கு மனிதர் முகத்தையும் காட்டும்.

இதையெல்லாம் சொல்லும் எனக்கும் ஒரு குறை உண்டு. 2020 ரமளான் முழுவதும் பள்ளிவாசல் மக்களுக்குத் திறக்கப்படாமல் இருந்தது. தராவீஹ் பயான்கள் இல்லை. நெடுநாள் எண்ணியிருந்த ஒரு கிதாபை முழுமையாக மீள வாசித்துக் குறிப்பெழுதிவிடலாம் என்று நிய்யத் வைத்தேன். ரமளான் முடிந்தபோது பதினொரு பக்கம் ஆகியிருந்தது. பிறகு மக்தப் பிள்ளைகளுக்குக் கைபேசி வழியாக அஸருக்குப் பின் பாடம் நடத்தத் தொடங்கினேன். பிள்ளைகள் அந்த நேரத்திற்குக் காத்திருப்பார்கள் என்பதால் ஒரு நாளும் தவறவில்லை. கிதாபு வேலையும் அதன் பிறகே நகர்ந்தது. பாடத்திற்கு முன் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற ஹதீஸைப் பல மேடைகளில் நான் விளக்கியிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அந்த ஆண்டில்தான்.

அந்த இளைஞரைச் சென்ற மாதம் மீண்டும் சந்தித்தேன். வீட்டில் தனி அறை இல்லை. மச்சுப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டிருக்கிறார். இரவில் படுக்கும் முன், மறுநாள் முதலில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைக்கிறார். 'இலை நனைப்பது' என்று அதற்கு அவர் வீட்டில் பெயராம். மஃரிப் பாங்கு கேட்டதும் கணினியை மூடி உறையிலிட்டுப் பரண்மேல் வைத்துவிடுகிறார். சில நாட்கள் அவசரத்தில் மீண்டும் இறக்க நேர்கிறது என்று ஒப்புக்கொண்டார். சுபுஹு ஜமாஅத்தில் வாரத்தில் நான்கைந்து நாட்கள் பார்க்கிறேன்.

அவருடைய உம்மா மட்டும், எல்லாம் அன்று ஓதி ஊதியதால்தான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறார்.