கைக்கு வரும் ரூபாய் எவ்வளவு?

பாரூர்ப் பகுதியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். இங்கே ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரும் உண்டு; வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களும் உண்டு. ஒரு நாள் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்:

"சார், அப்பா துபாயிலிருந்து 1,000 திர்ஹாம் அனுப்பினார். செல்போனில் பார்த்தால் 23,000 ரூபாய் காட்டுகிறது. அம்மாவுக்கு 22,400 தான் வந்தது. மீதி 600 எங்கே சார்?"

அப்பா குறைத்து அனுப்பிவிட்டாரோ என்று வீட்டில் மனத்தாங்கல். மறுநாள் அதையே பாடமாக்கினேன். பெயர் சொல்லவில்லை. கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

முதலில் மாணவர்களுக்குத் தெரிந்த மாம்பழத்தில் தொடங்கினேன். மண்டிக்காரர் ஒரு விலைக்கு வாங்கி, அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார். பணத்துக்கும் அப்படியே வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு உண்டு. செல்போன் காட்டுவது பெரும்பாலும் இவ்விரண்டின் நடு விலை. நம்மைப் போன்றவர்களுக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. நிறுவனம் திர்ஹாமை 23 ரூபாய்க்குப் பதில் 22.40க்கு வாங்கிக்கொண்டால், 'கட்டணம் இல்லை' என்று எழுதியிருந்தாலும் 2.6 விழுக்காடு கழிந்துவிடுகிறது. 600 ரூபாய் போன இடம் இதுதான்.

அடுத்து கரும்பலகையில் இரண்டு நிறுவனங்களை எழுதினேன்.

அ: கட்டணம் இல்லை, ஒரு திர்ஹாமுக்கு 22.40 ரூபாய்.
ஆ: கட்டணம் 15 திர்ஹாம், ஒரு திர்ஹாமுக்கு 22.90 ரூபாய்.

1,000 திர்ஹாம் அனுப்பினால் 'அ' தருவது 22,400 ரூபாய். 'ஆ' 985 திர்ஹாமை மாற்றி 22,556.50 ரூபாய் தரும். 200 திர்ஹாம் மட்டும் அனுப்பினால் நிலைமை தலைகீழ்: 'அ' 4,480, 'ஆ' 4,236.50.

"அப்படியானால் எந்தத் தொகையில் இரண்டும் சமம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஒருபடிச் சமன்பாடு தானாகவே வகுப்புக்குள் வந்துவிட்டது. தொகையை x என்று கொண்டால் 22.4x = 22.9(x − 15); x = 687. அதற்குக் கீழே 'அ', மேலே 'ஆ' லாபம். நிலையான கட்டணம் இருக்குமிடத்தில் சிறுசிறு தொகையாக அனுப்புவதைவிடச் சேர்த்து அனுப்புவது நல்லது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர்களும் இதைத் தொடரலாம். 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என நிலையாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் மதிப்பு இறங்கினால் திர்ஹாமுக்கு எதிராகவும் இறங்கும். அப்போது துபாய்ப் பணத்துக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஏற்றுமதியாகும் மாம்பழக்கூழுக்கும் கூடுதல் ரூபாய் கிடைக்கும்; இறக்குமதியாகும் கச்சா எண்ணெய்க்கோ கூடுதல் ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளிநாடு செல்லும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியவை இரண்டு. விமான நிலையத்தில் பணம் மாற்றுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே விலை குறைவாகவே கிடைக்கும். அங்குள்ள கடையில் இந்திய அட்டையைப் பயன்படுத்தும்போது, இயந்திரம் 'ரூபாயா, உள்ளூர்ப் பணமா' என்று கேட்டால், பொதுவாக உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுப்பதே லாபம்.

பணம் அனுப்புவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எல்லாம் போக, கைக்கு எத்தனை ரூபாய் வரும்?" அந்த மாணவி இதைத் தாளில் எழுதி, கணக்கையும் போட்டு, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். அம்மாவிடமும் விளக்கிச் சொன்னாளாம். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு 600 ரூபாய்க் கேள்வி காத்திருக்கலாம்.