பன்னலும் துன்னலும்

ஆரணிப் பட்டு என்றதும் ஜரிகை, எடை, புவிசார் குறியீடு என்று பேச்சு ஓடும். அதையெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். கமண்டல நாகநதிக் கரைத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டபோது என் மனம் இரண்டு பழைய வினைச்சொற்களிடம் போனது: பன்னுதல், துன்னுதல். 'பின்னுதல்' எல்லோருக்கும் தெரியும். அதே ஓசையில் வரும் இவ்விரண்டும் யார் வாயில் இருக்கின்றன?

பன்னுதல் பஞ்சு வேலை: கொட்டி, சிக்கெடுத்து, நூற்கப் பதமாக்குவது. 'பனுவல்' இதன் பிள்ளை. புறநானூற்று 125ஆம் பாட்டில் பருத்தி நூற்கும் பெண்ணின் பனுவலைப் போல மெத்தென்றிருக்கிறது, விருந்தில் வைத்த கொழுத்த இறைச்சி! பின்னால் அதே சொல் புத்தகத்துக்கும் ஆயிற்று. நன்னூலில் பவணந்தி, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் வைத்துப் பாயிரம் பாடினார். இன்று மிஞ்சியிருப்பது 'பன்னிப் பன்னிச் சொன்னேன், கேட்கலையே' என்ற சலிப்பு மட்டும்.

துன்னுதலுக்கு நெருங்குதல் என்பது பொருள். கிழிந்த இரு ஓரங்களை நெருக்கி ஊசி ஓட்டுவதும் துன்னுதல்தான். சிலப்பதிகாரத்துப் புகாரில் தையற்காரர் பெயர் துன்னகாரர். வடமொழியிலும் தையற்காரர் 'துன்னவாயர்'. அங்கிருந்து வந்த சொல் என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்த இடம் பொருநராற்றுப்படை. கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்தியிருந்தது ஒட்டுப்போட்ட கந்தல், அதாவது துன்னல். அதைக் களையச் செய்து அரசன் கொடுத்தது பட்டு.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் இந்தச் சொற்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கை விட்ட வேலையை வாய் எத்தனை நாள் பேசும்? இதுதான் என் கவலை. பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்க்கும் 'பாவு பிணைத்தல்', உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, பக்கத்தில் ஓர் ஆள் துணையிருக்க நெய்யும் 'கோர்வை' ஆகியவை தறிக்காரர் பேச்சில் இன்னும் உயிரோடிருக்கும் சொற்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் இவையும் அகராதிக்குத்தான் போகும். 'சொல் போனால் போகட்டும், சேலை விற்றால் சரி' என்பவர்களின் வயிற்றுப்பாட்டை நான் மறுக்கவில்லை.

கடையில் இப்போதே கோர்வை என்று கேட்பவர் குறைவு. விற்பவர் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்று விரிக்கிறார். கோர்வையில் நெய்ததும் விசைத்தறியில் வந்ததும் அந்த ஒரே பெயரில் அடுத்தடுத்து மடிந்து கிடக்கின்றன.