கலப்பையும் முதுகுப்பையும்

சுருளி அருவிக்கு அண்மையில், திராட்சைப் பந்தல்கள் சூழ அமைந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. அவ்வூரிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மேகமலைத் தொடர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். நம் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் இத்தகைய மலையடிவார ஊர்களில் பிறந்தவர்களே. விடுமுறை வந்தால் மலையேறும் ஆசை அவர்களுக்கு எழுவது இயல்பு. ஆயின், மலைப்பயணத்திற்கு எவற்றைச் சுமந்து செல்வது, எவற்றை விட்டுச் செல்வது என்பது தனிக்கலை. அக்கலையைக் குறித்துச் சில கருத்துகளை ஈண்டுக் காண்போம்.

சங்கப் பாட்டில் மலைவழி

மலைவழிப் பயணம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் அமைந்தது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அக்கூத்தர் தம் இசைக்கருவிகளை இட்டுச் சுமந்த பைக்குக் 'கலப்பை' என்று பெயர்; உழுபடையாகிய கலப்பையோடு இதனை மயங்கற்க. எடை ஒரு பக்கம் சாயாதபடி சமனாகச் சுருக்கிக் கட்டி, பலாமரத்தில் காய்கள் தொங்குவது போல அவர்கள் அப்பைகளைச் சுமந்தனர் எனப் பாட்டுத் தொடங்குகிறது. 'சுருக்கிக் கட்டு, சமனாகச் சும' என்பதே இன்றைய முதுகுப்பைக்கும் முதல் விதி.

அதனினும் வியப்பூட்டுவது அடுத்து வரும் பகுதியாகும். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் இடம் எது, கவண்கல் எத்திசையிலிருந்து வரும், வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றி நடப்பது, இரவில் எங்குத் தங்குவது என்றெல்லாம் புலவர் விரித்துரைக்கிறார். பையைப் பற்றிய செய்தி சில அடிகளே. வழியைப் பற்றிய செய்தியோ மிகப் பல. இவ்விகிதமே நாம் கற்க வேண்டிய பாடம் எனலாம்.

எடைக் கணக்கு

மேலைநாட்டில் சுமை குறைத்து நடக்கும் முறை கடந்த சில பத்தாண்டுகளில் ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. 1992ஆம் ஆண்டு ரே ஜார்டின் என்னும் அமெரிக்கர் எழுதிய கையேடு அதற்குப் பெருந்தூண்டுகோலாயிற்று. உணவு, நீர், எரிபொருள் ஆகியவை நாள்தோறும் குறைவன; அவற்றை நீக்கிய பின் எஞ்சும் எடையே அடிப்படை எடை. அது ஏறத்தாழ 4.5 கிலோவுக்குள் அடங்கினால் மிக இலகுவான சுமை என்பர்.

எடையைக் குறைக்க விரும்புவோர் கூடாரம், படுக்கை, பை ஆகிய மூன்றையே முதலில் நோக்க வேண்டும். சீப்பின் பல்லை ஒடித்துக் கிராம் கணக்கு பார்ப்பதைவிட, இம்மூன்றில் ஒன்றை மாற்றினால் கிலோ கணக்கில் குறையும். கனத்த கூடாரத்திற்கு மாற்றாக மெல்லிய நைலான் விரிப்பு ஒன்றை இரு மரங்களிடையே கயிறு கட்டிக் கூரையாக்கலாம். படுக்கைக்கு அடியில் நுரை விரிப்பு இன்றியமையாதது. மேலே எத்துணைப் போர்த்தினும் உடற்சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். பையினுள் கனமான பொருள்களை முதுகெலும்பை ஒட்டி வைத்தல் நலம். இடுப்புப் பட்டையை இறுக்கினால் சுமையின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பில் இறங்கும்.

உடையும் உணவும்

கம்பம் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தது. மேகமலையோ ஏறத்தாழ 1500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை பாகை வீதம் வெப்பம் குறையும். எனவே அடிவாரத்தினும் மலைமேல் ஏழு பாகை அளவு குளிர் மிகும். பருத்தியாடை நனைந்தால் கனக்கும், எளிதில் உலராது, உடற்சூட்டையும் போக்கிவிடும். மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ உடுத்தி, மேலே மழைக்காப்பு ஒன்று அணிதல் தக்கது. காலணியும் இலகுவாக இருத்தல் வேண்டும். காலில் கட்டிய எடை முதுகில் ஏற்றிய எடையினும் மிகுதியாகக் களைப்பூட்டும்.

சோற்றில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீரே. கட்டுச்சோறு ஒரு வேளைக்கு நன்று. இரண்டு நாளைக்கு அது வீண்சுமை. அவல், சத்துமாவு, பொட்டுக்கடலை, கருப்பட்டி, பேரீச்சை ஆகியன இலகுவானவை, அடுப்பும் வேண்டா. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தரும்; கொழுப்போ 9 கலோரி. ஆதலின் நிலக்கடலையும் எள்ளுருண்டையும் சிறு எடையில் பேராற்றல் தருவன. நீரில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அச்சுமையைக் குறைக்கும் ஒரே வழி, அடுத்த சுனை எங்கே என்று அறிந்திருப்பதுதான். மேகமலைக் காடுகளில் தேனும் கிழங்கும் தேடும் பளியர் மக்கள் சிறு சுமையோடு செல்வதன் காரணமும் இதுவே. அவர்கள் பையில் இல்லாதது அவர்கள் அறிவில் இருக்கிறது.

அறிவே துணை

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, பதினொரு மக்களைப் பெற்ற தாய், 1954இல் அப்பலாச்சிய மலைவழியில் தனியே நடக்கப் புகுந்தார். வழி தவறித் தவித்தமையால் வனக்காவலர் அவரைத் திருப்பி அனுப்பினர். மறு ஆண்டு, தம் 67ஆம் வயதில், 3000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அவ்வழி முழுவதையும் நடந்து முடித்தார். அவர் தோளில் கிடந்தது தாமே தைத்த துணிப்பை, கூடாரம் இல்லை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. சுமையின் எளிமையால் மட்டும் அவர் முதலாண்டில் வெல்லவில்லை என்பது நினைக்கத்தக்கது.

நம் மாவட்டமே இதற்குப் பெரும் விலை கொடுத்தது. 2018 மார்ச் 11ஆம் நாள் போடியை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த நடைப்பயணிகளைக் காட்டுத்தீ சூழ்ந்தது. மாண்டோர் 23 பேர், பெரும்பாலோர் இளைஞர். கோடையில் காய்ந்த புல் ஆளுயரம் நிற்கும் சரிவில் தீ எத்துணை விரைவாகப் பரவும் என்பதை எந்த விலையுயர்ந்த பையும் சொல்லித் தராது. தீ மேல்நோக்கி ஏறும்போது முன்னுள்ள புல்லைச் சுட்டு உலர்த்திக்கொண்டே செல்வதால் சரிவில் அதன் வேகம் கூடும். ஆகவே தீக்கு மேற்புறமாக ஓடுதல் ஆகாது. புல்லற்ற பாறையையோ, எரிந்து தணிந்த நிலத்தையோ நோக்கிப் பக்கவாட்டில் விலகுதல் வேண்டும். காற்றடைக்கும் நைலான் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டும் என்பதும் அறியத்தக்கது.

தங்குமிடம் தேர்வதிலும் இவ்வறிவே காவல். காட்டாற்றுப் படுகை, பட்ட கிளை நிற்கும் மரத்தடி, யானை நீருக்கு இறங்கும் தடம் ஆகிய மூன்றும் விலக்கத்தக்கன. தீ மூட்டுதலும் குப்பை விட்டு வருதலும் ஆகா.

முடிவுரை

மேகமலை 2021ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை ஒப்புதலின்றி அங்கு நுழைதலும் தங்குதலும் குற்றம். தமிழக அரசு 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 வழிகள் வகுக்கப்பட்டு, வழிகாட்டிகளும் உடன் வருகின்றனர். அவ்வழியே செல்வது அச்சமன்று. கூத்தருக்குப் புலவர் வாய்த்தது போல நமக்கொரு வழிகாட்டி வாய்ப்பதேயாம்.

சுமையைக் குறைத்தல் என்பது விலை மிகுந்த பொருளை வாங்குதல் அன்று. பையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஈடாக அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை அறியாமல் பொருளை மட்டும் எடுத்துவிட்டால் அது இலகு ஆகாது, குறையே ஆகும். மலையடிவாரத்தில் பிறந்த நம் மாணவர்கள் இதனை முதலில் தம் ஊர்ப் பெரியோரிடமும் பளியரிடமும் கேட்டறிவார்களாக. கடைக்குச் செல்வது அதன் பின்னர் ஆகட்டும்.